தாது வருடப் பஞ்சமும் கொடைக்கானல் வானாய்வகமும்

கோடை விடுமுறையில் கொடைக்கானலுக்குச் செல்லும் நம் குடும்பங்கள் ஏரியில் படகு விடுகின்றன. கோக்கர்ஸ் நடைபாதையில் மூடுபனி விலகும் வரை காத்து நிற்கின்றன. பிரையண்ட் பூங்காவில் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகின்றன. நகரத்துக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கும் சூரிய வானாய்வகத்துக்கு ஏறுவோர் சிலரே. நாம் சென்ற அன்று அங்கே கூட்டமே இல்லை. சூரியனின் முகத்தில் தெரியும் கரும்புள்ளிகளின் படங்களைப் பார்த்துக்கொண்டு வந்த நம் வீட்டுச் சிறுமி ஒருத்தி, “இந்தப் புள்ளியை எதற்காக இத்தனை வருடம் எண்ணினார்கள்?” என்று கேட்டாள்.

இக்கேள்விக்கு விடை பஞ்சத்தில் இருக்கிறது என்பதை அவளிடம் உடனே சொல்ல முடியவில்லை. சொல்லத் தொடங்கினால் சென்னை, பஸ்ரா, மர்ராகுஷ், சிம்லா என்று பல ஊர்களைச் சுற்ற வேண்டியிருக்கும். அன்று சொல்லாமல் விட்டதையே இங்கு எழுதுகிறோம்.

1876ஆம் ஆண்டு பருவமழை பொய்த்தது. தமிழ் வருடக் கணக்கில் அது தாது வருடம்; ஆகவே அப்பஞ்சம் இன்றளவும் தாது வருடப் பஞ்சம் என்றே வழங்கப்படுகிறது. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஐதராபாத் எங்கும் மாண்டவர்கள் 50 இலட்சத்துக்கும் அதிகம் என மதிப்பிடப்படுகிறது. சென்னையில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அந்நாளில் கூலிக்கு மண் சுமந்த பசித்த மக்களால் வெட்டப்பட்டதுதான். மழை எப்போது தவறும் என்று ஓராண்டு முன்பே தெரிந்திருந்தால் எத்தனை உயிர் தப்பியிருக்கும் என்னும் ஏக்கம் ஆள்வோருக்கும் ஆளப்பட்டோருக்கும் ஒருங்கே இருந்தது. தானியக் கிடங்குகளில் இருந்ததைப் பகிர்ந்திருந்தாலே பலர் தப்பியிருப்பர் என்பது வேறு விஷயம்; வானத்தின்மேல் பழி போடுவது அரசுக்கு வசதியாகவும் இருந்தது.

அவ்வேளையில் வில்லியம் வில்சன் ஹண்டர் ஒரு கருத்தை முன்வைத்தார். இப்பெயரை நம் வாசகர்கள் வேறொரு நூலால் அறிந்திருப்பர். 1871இல் ‘இந்திய முஸ்லிம்கள்’ என்னும் நூலை எழுதி நம் சமுதாய வரலாற்றில் நீங்காத விவாதத்தைக் கிளப்பிய அதே அதிகாரிதான். இந்திய அரசின் புள்ளிவிவரத் துறைத் தலைவராக இருந்த அவர், சென்னை நகரின் பழைய மழைப் பதிவேடுகளை எடுத்து, சூரியக் கரும்புள்ளிகளின் எண்ணிக்கையோடு அருகருகே வைத்தார். கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிச் சுருங்குகின்றன. புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் சென்னையின் மழையும் குறைகிறது, பஞ்சங்கள் அங்கேதான் வந்து விழுகின்றன என்று 1877இல் அவர் எழுதினார். வானியல் அறிஞர் நார்மன் லாக்கியரும் அவரும் சேர்ந்து அதே ஆண்டு இலண்டன் இதழொன்றில் சூரியப் புள்ளிகளையும் பஞ்சங்களையும் இணைத்துக் கட்டுரை வெளியிட்டனர்.

எல்லோரும் இதற்கு மயங்கிவிடவில்லை. பின்னர் பஞ்ச விசாரணைக் குழுவுக்குத் தலைமை ஏற்ற ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி, அதே 1877இல் ராயல் சொசைட்டியில் இக்கணக்கை மறுத்துரைத்தார். எனினும் சூரியனைத் தொடர்ந்து கவனித்தால் மழையின் இரகசியம் பிடிபடலாம் என்னும் நம்பிக்கை அணையவில்லை. சென்னை வானாய்வகத்தின் தலைவர் போக்சன் தென்னிந்திய மலையொன்றில் புதிய ஆய்வகம் வேண்டும் எனக் கேட்டார். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த மிக்கி ஸ்மித் நீலகிரியிலும் பழனி மலையிலும் வானத்தின் தெளிவை ஒப்பிட்டுப் பார்த்தார். பழனி மலை வென்றது. 1895இல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1899இல் ஆய்வகம் இந்திய வானிலைத் துறைத் தலைவரின் பொறுப்பில் வந்தது. 1901இல் பார்வையிடும் பணி தொடங்கியது. சூரியனை நாள்தோறும் படம் பிடிக்கும் வழக்கம் 1904 முதல் நடந்து வருகிறது. சிறுமியின் கேள்விக்குப் பாதி விடை இதுதான்: மழையை அறியவே புள்ளியை எண்ணினார்கள்.

மீதிப் பாதி, எண்ணுவதைப் பற்றியது.

ஒரு கூட்டத்திலிருந்து சிலரையோ சிலவற்றையோ எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பதைப் பள்ளிப் பாடநூல்கள் ‘சேர்வு’ என்னும் தலைப்பில் கற்பிக்கின்றன. பிள்ளைகள் இதை மேல்நாட்டுச் சரக்கு என்று எண்ணுகிறார்கள். ஹிஜ்ரி 2ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் (ரஹ்) அவர்கள் அரபு மொழியின் முதல் அகராதியான ‘கிதாபுல் ஐன்’ நூலை வகுக்கும்போதே இக்கணக்கின் வாசலில் நின்றார்கள். அரபியில் 28 எழுத்துகள். ஓர் எழுத்து இருமுறை வராமல் மூன்றெழுத்துச் சொற்கள் எத்தனை அமைக்கலாம்? முதல் இடத்துக்கு 28 வழி, அடுத்ததற்கு 27, அதற்கடுத்ததற்கு 26, பெருக்கினால் 19,656. இரண்டெழுத்து முதல் ஐந்தெழுத்து வரை எல்லாம் கூட்டினால் 1 கோடியே 23 இலட்சத்து 5 ஆயிரத்து 412. இவ்வெண் கலீல் அவர்களின் பெயராலேயே நூல்களில் வழங்கி வருகிறது. மக்கள் பேசும் சொற்கள் இவற்றுள் ஒரு சிறு பகுதியே. ஆனால் விடுபட்ட சொல் எதுவும் இல்லை என்று உறுதிசெய்ய, இருக்கக்கூடிய எல்லாவற்றையும் முதலில் எண்ணியாக வேண்டும் என்பது அவர்களின் முறை.

வரிசை முக்கியமில்லை என்றால் கணக்கு சுருங்கும். மூன்று எழுத்துகளை ஆறு விதமாக வரிசைப்படுத்தலாம். ஆகவே 19,656ஐ ஆறால் வகுத்தால் 3,276 குழுக்கள். இதைத் தனி இயலாகவே வளர்த்தவர் மர்ராகுஷ் நகரில் வாழ்ந்து 1228இல் மறைந்த இப்னு முன்இம். மருத்துவரும் கணித அறிஞருமான அவர், தம் ‘ஃபிக்ஹுல் ஹிஸாப்’ நூலில் பத்து நிறப் பட்டு நூல்களை எடுத்துக்கொள்கிறார். அவற்றில் சில நிறங்களைச் சேர்த்துக் குஞ்சம் கட்டினால் எத்தனை வகைக் குஞ்சங்கள் கிடைக்கும்? மூன்று நிறம் என்றால் 120. ஒரு நிறம் முதல் பத்து நிறம் வரை எல்லாம் கூட்டினால் 1,023. இவ்வெண்களை அவர் முக்கோண அட்டவணையாக அடுக்கிக் காட்டினார். நம் நாட்டிலும் இது புதிதன்று. 9ஆம் நூற்றாண்டில் மகாவீரரும், 1150இல் ‘லீலாவதி’யில் பாஸ்கரரும் இவ்விதியைத் தந்துள்ளனர். அந்த லீலாவதியை அக்பரின் அவைப் புலவர் ஃபைஸி 1587இல் பாரசீகத்தில் பெயர்த்தார். பட்டறையும் மத்ரஸாவும் அரசவையும் ஒரே கணக்கில் சந்தித்துக்கொண்டன என்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

இக்கணக்கு நம் வீட்டு வாசலுக்கும் வருகிறது. நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது தம் துணைவியரில் யாரை உடன் அழைத்துச் செல்வது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் 919, 921ஆம் ஆண்டுகளிலேயே குடவோலை முறை பதிவாகியிருக்கிறது. இன்று ஹஜ் விண்ணப்பங்கள் மிகும்போது ‘குர்ஆ’ நடக்கிறது. ஒரு சிறு மாதிரி எடுத்துக்கொள்வோம். ஒரு மஹல்லாவில் 8 குடும்பங்கள் தனித்தனியாக விண்ணப்பிக்கின்றன. இடம் 3 குடும்பங்களுக்கே. எட்டில் மூன்றை 56 விதமாகத் தேர்ந்தெடுக்கலாம். நம் குடும்பம் இடம்பெறும் குழுக்கள் எத்தனை? மீதி ஏழிலிருந்து இருவரைச் சேர்க்க வேண்டும், 21 வழி. 56இல் 21, அதாவது எட்டில் மூன்று. இதை எல்லோரும் கணக்கின்றியே சொல்லிவிடுவர். ஆனால் “நாங்களும் மச்சான் வீட்டாரும் சேர்ந்தே போகிறோம்” என்று துஆ கேட்கும் வீட்டின் நிலை வேறு. இரு குடும்பமும் இடம்பெறும் குழுக்கள் ஆறு மட்டுமே. 56இல் 6, ஏறத்தாழ ஒன்பதில் ஒன்று. ஒரு வீட்டுக்குக் கிடைத்து மற்ற வீட்டுக்குக் கிடைக்காத ஆண்டில் “ஏதோ நடந்திருக்கிறது” என்று முணுமுணுப்பு எழுவதை நாம் கேட்டிருக்கிறோம். இருவரில் ஒருவருக்கு மட்டும் கிடைக்கும் குழுக்கள் 30, பாதிக்கும் மேல். முணுமுணுப்பவர்கள் அதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இப்போது அதே கணக்கை எடுத்துக்கொண்டு மலையேறுவோம்.

சூரியச் சுழற்சி ஒன்றில் 11 ஆண்டுகள். அவற்றில் 4 ஆண்டுகள் புள்ளி குறைந்தவை என்று கொள்வோம். ஓர் ஊரில் அதே 11 ஆண்டுகளில் 4 ஆண்டு மழை தவறியது. இவ்விரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, மழை தவறிய ஆண்டுகள் சீட்டுக் குலுக்கியதுபோல் விழுந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினொன்றில் நான்கை 330 விதமாகத் தேர்ந்தெடுக்கலாம். நான்கும் அப்படியே பொருந்தி விழ ஒரே வழி, 330இல் ஒன்று. மூன்று பொருந்தி ஒன்று தவற 28 வழி: நான்கில் மூன்றை எடுக்க 4, மீதி ஏழில் ஒன்றை எடுக்க 7. ஆக, மூன்றேனும் பொருந்தும் வாய்ப்பு 330இல் 29. பதினொன்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. ஓர் ஊரை மட்டும் முன்கூட்டியே குறித்து வைத்து, அதில் இப்படிப் பொருந்தினால் யோசிக்க வேண்டியதுதான்.

ஆனால் பதிவேடு ஓர் ஊருக்கு மட்டும் இருப்பதில்லை. ஒன்றையொன்று சாராத 20 ஊர்களின் ஏடுகள் மேசைமேல் இருக்கின்றன என்றால், எங்கோ ஓர் ஊரிலாவது மூன்றேனும் பொருந்திவிடும் வாய்ப்பு நூற்றில் 84. பொருந்தாத ஊர்களின் ஏடுகளை மூடி வைத்துவிட்டுப் பொருந்திய ஊரை மட்டும் எடுத்துக் காட்டினால் பார்ப்பவர் வியந்துதான் போவார். யாரும் பொய் சொல்லவில்லை. எத்தனை ஏடுகளைப் புரட்டினார்கள் என்பது மட்டும் சொல்லப்படவில்லை.

இதை வானிலைத் துறைக்குள்ளேயே இருந்து அஞ்சாமல் எடுத்துரைத்தவர் கில்பர்ட் வாக்கர். 1904 முதல் 1924 வரை இந்திய வானாய்வகங்களின் தலைமை இயக்குநர். கொடைக்கானலும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. அவர் வானிலை படித்தவர் அல்லர், கேம்பிரிட்ஜ் கணித அறிஞர். மாணவப் பருவத்தில் வளைதடி எறிவதில் இருந்த மோகத்தால் ‘பூமராங் வாக்கர்’ என்று பெயர் பெற்றவர். தமிழருக்கு அவர்பால் இன்னொரு கடனும் உண்டு. 1913 பிப்ரவரியில் சென்னை வந்தபோது துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்த இராமானுஜனின் குறிப்பேடுகளைப் பார்த்துவிட்டு, அவருக்கு உதவித்தொகை வழங்குமாறு பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தார். மாதம் 75 ரூபாய் கிடைத்தது.

வாக்கர் சிம்லா அலுவலகத்தில் எழுத்தர்களை அமர்த்தி, உலகின் பல இடங்களின் காற்றழுத்தம், மழை, வெப்பம் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நூற்றுக்கணக்கான ஒட்டுறவுக் கணக்குகளைப் போடச் செய்தார். எந்திரம் இல்லாத காலம், எல்லாம் கைக்கணக்கு. அப்படி வெளிவரும் எண்களில் பெரியதைக் கண்டு மயங்கும் ஆபத்தை அவர் நன்கு அறிந்திருந்தார். ஆகவே 1914இல் ஓர் ஆய்வுரை எழுதினார். ஒரு கணக்கு மட்டும் போட்டிருந்தால் எவ்வளவு பெரிய எண்ணை நம்பலாம் என்பது ஒரு கேள்வி. நூறு கணக்குப் போட்டு அவற்றுள் மிகப் பெரியதை எடுத்தால், அது தற்செயலாகவே எவ்வளவு பெரிதாக வரும் என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு விடை கண்டு, கிடைத்த எண் அதையும் தாண்டினால்தான் உண்மை எனக் கொள்ள வேண்டும் என்றார். அடுத்த ஆண்டே சூரியப் புள்ளிகளையும் மழையையும் அவ்வாறு உரசிப் பார்த்தார். பஞ்சத்தை முன்னறிவிக்கப் போதுமான வலுவுள்ள தொடர்பு கிடைக்கவில்லை. கொடைக்கானல் ஆய்வகம் எழுவதற்கு உந்துதலாக இருந்த நம்பிக்கையை அதே துறையின் தலைவரே தராசில் வைத்து இலேசானது என்று கண்டார். இதற்கு ஒரு நேர்மை வேண்டும்.

இவ்விடத்தில் நமக்கு நினைவு வருவது மதீனாவில் ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு நிகழ்ந்தது. நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம், பால்குடி மாறாத குழந்தை, மரணித்த அதே நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. இப்ராஹீமின் மரணத்துக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசினர். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் இரண்டு. எவருடைய மரணத்துக்காகவும் வாழ்வுக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்னும் கருத்தில் அன்னார் விளக்கி, மக்களைத் தொழுகைக்கும் துஆவுக்கும் திருப்பினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இச்செய்தி உள்ளது. மகனை அடக்கம் செய்த துக்கத்தில் இருந்த தந்தை, தம் பெருமைக்குச் சாதகமாகத் தானே வந்து விழுந்த ஒரு பொருத்தத்தை அன்றே மறுத்தார்கள்.

அப்படியிருக்க, நம் ஊர்களில் சஃபர் மாதம் பீடை மாதம் என்று திருமணங்களைத் தள்ளிவைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒடுக்கத்துப் புதன் அன்று வீட்டைவிட்டு வெளியேறாத மூதாட்டியரை நாம் அறிவோம். சஃபரில் பீடை இல்லை என்று ஹதீஸில் தெளிவாகவே வந்துள்ளது. “எங்கள் வீட்டில் இரண்டு மவ்த்தும் சஃபரில்தானே நடந்தது” என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். அவர்களின் துக்கத்தை நாம் எள்ளவில்லை. ஆனால் எண்ணிப் பார்க்கலாம். ஒரு குடும்பத்தில் பல ஆண்டுகளில் 12 துயரங்கள் நேர்ந்தன என்று வையுங்கள். மாதத்துக்கு ஒன்றாக அவை பன்னிரண்டு மாதங்களிலும் சமமாகப் பரவி விழும் வாய்ப்பு எவ்வளவு? சுமார் 18,600இல் ஒன்று. ஏதோ ஒரு மாதத்தில் இரண்டோ மூன்றோ சேர்ந்து விழுவதுதான் இயல்பு. அது ஷவ்வாலில் விழுந்த வீட்டில் யாரும் ஷவ்வாலைக் குறை சொல்வதில்லை. சஃபரில் விழுந்த வீட்டில் மட்டும் கதை பிறக்கிறது. அக்கதை பேத்திக்கும் போய்ச் சேர்கிறது. அவள் நிக்காஹ் ஒரு மாதம் தள்ளிப்போகிறது, மண்டபமும் கைவிட்டுப் போகிறது.

வாக்கரின் கதை சூரியப் புள்ளியை மறுத்ததோடு முடியவில்லை. பருவமழையை அறிய அவர் பொறுக்கி எடுத்த அறிகுறிகளில் சில, அவ்வளவு கவனமாகத் தேர்ந்தும், பின்னாளில் வலுவிழந்து போயின. ஆனால் ஒன்று நிலைத்தது. பசிபிக் பெருங்கடலில் காற்றழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் தாழ்கிறது. அங்கே தாழும்போது இங்கே உயர்கிறது. இத்தராசு ஆட்டத்துக்கு அவர் ‘தென் அலைவு’ எனப் பெயரிட்டார். ஏன் அப்படி நிகழ்கிறது என்பதை அவரால் விளக்க இயலவில்லை, பலர் ஐயுற்றனர். 1969இல் யாக்கோப் பியர்க்னெஸ் அதை எல் நினோ என்னும் கடல் வெப்ப மாற்றத்தோடு இணைத்து விளக்கினார். தாது வருடத்தில் மழை பொய்த்ததற்கு மிக வலுவான எல் நினோ ஒன்றே முக்கியக் காரணம் என்று இன்று அறிஞர்கள் கருதுகின்றனர். நம் மூதாதையரான மரக்கலத்தார் அரபியரோடு பகிர்ந்துகொண்ட ‘மவ்ஸிம்’ என்னும் சொல்லே ஐரோப்பியர் வாயில் ‘மான்சூன்’ ஆயிற்று. அந்த மவ்ஸிமின் கடிவாளத்தில் ஒரு முனை அத்தனை தொலைவில் இருந்திருக்கிறது.

கொடைக்கானல் ஆய்வகமும் வீணாகவில்லை. 1907இல் அங்கு வந்த ஜான் எவர்ஷெட், 1909 ஜனவரியில் கரும்புள்ளியின் ஓரங்களில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். அது அவர் பெயராலேயே வழங்குகிறது. நூறாண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்த சூரியப் படங்கள், சூரியனைப் பற்றி அறிய விரும்புவோர் தேடி வரும் கருவூலமாகிவிட்டன.

மலையிறங்கி வத்தலக்குண்டு சாலையைத் தொடும் வழியில் நம் சிறுமி மறுபடியும் கேட்டாள். கையில் இருந்த நுழைவுச் சீட்டின் பின்புறத்தில் 11 கோடுகள் போட்டுக் கொடுத்து, அவற்றில் நான்கை எத்தனை விதமாக வட்டமிடலாம் என்று எண்ணச் சொன்னோம். வளைவுகளில் பேனா வழுக்கியது. முதலில் 7,920 என்றாள். “வரிசை மாறினாலும் வட்டம் அதே நான்குதானே?” என்று கேட்டதும் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு 24ஆல் வகுத்து, 330 என்று எழுதிக் கொடுத்தாள்.